நாகூர் மாமாவுடன் நான் இருந்த நோன்பு

யாரிடமும் கேட்காமல் நானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடும் புத்தி எனக்கு உண்டு. அது என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

மாலாவுக்கு அப்பா இல்லை. பிடோக்கில் இருக்கும் தாய்மாமன் சம்மதித்தால்தான் கல்யாணம். அவர் பெயர் நாகூர் என்று ஒருநாள் சொன்னாள். சரி, மாமா முஸ்லிம், மாலா இந்து, கலப்புக் குடும்பம் என்று தீர்மானித்துவிட்டேன். (இதையெல்லாம் துருவிக் கேட்பது நாகரிகமில்லை என்ற பெருந்தன்மை வேறு.)

பெண் கேட்கப் போனது நோன்பு மாதத்தில். மரியாதைக்காக மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, தேக்கா சந்தையில் விலையுயர்ந்த பேரீச்சம்பழப் பெட்டி வாங்கிக்கொண்டு மாலையில் போனேன். மாலா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அத்தை இரண்டு காப்பியும் உளுந்து வடையும் கொண்டுவந்து வைத்தார். விருந்தாளிக்காகத் தன் நோன்பையே விடத் துணிந்துவிட்டாரே மாமா என்று உருகிப்போனேன்.

"வேணாம் மாமா. நோன்பு நேரம்."

மாமா பேரீச்சம்பழத்தைப் பார்த்தார். "தம்பி பேரு என்ன சொன்னீங்க?"

"ராஜா." (எந்த மதத்துக்கும் பொருந்தும் பெயர்.)

அவர் தன் காப்பியையும் ஒதுக்கிவைத்தார். வடையை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் வானிலை பேசினோம். என் வயிறு தனியாகப் பேசியது.

இருட்டியதும் பெட்டியை நீட்டினேன். "நோன்பு திறங்க மாமா."

"நானா? நீங்கதானே நோன்பு?"

"நீங்க முஸ்லிம் இல்லையா?"

"நீங்க இல்லையா?"

உள்ளே அத்தை சாமி விளக்கு ஏற்றி மணியடிக்கும் சத்தம் கேட்டது.

"புள்ள தங்கலன்னு எங்கம்மா நாகூர்ல வேண்டிக்கிட்டாங்க, நான் பொறந்தேன். அடுத்து வேளாங்கண்ணி, அது மாலாவோட அம்மா. கடைசி தம்பி பழனி" என்றார் மாமா.

அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று எழுந்தேன்.

"உக்காருங்க தம்பி. தெரியாம செஞ்சாலும் எனக்காகப் பட்டினி கெடந்திருக்கீங்க. வடைய சாப்பிடுங்க, அப்புறம் தேதி பாப்போம்."

மாலாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது மாமா பூன் லே ரயில் நிலையத்தில் நின்று வேண்டிக்கொண்டாராம். குழந்தைக்கு அந்தப் பெயரையே வைக்கச் சொன்னார். நான் தயங்கினேன்.

"அந்த ஊருக்கே ஒரு ஆளோட பேரத்தான் வச்சிருக்காங்க. திரும்ப ஒரு ஆளுக்கு வச்சா என்ன லா?"

பள்ளியில் அவள் கயல்விழி. வீட்டில் இன்றுவரை பூன் லே. ரயிலில் அந்த நிலையத்தை அறிவிக்கும்போதெல்லாம் மாமா, "கூப்புடுறாங்க பாரு" என்கிறார். அவள் என்னைத்தான் முறைக்கிறாள்.