அச்சகத்துக்குக் காற்று வந்த கதை

அன்புள்ள மைத்துனனுக்கு,

இங்கு அனைவரும் நலமாக மூச்சு விடுகிறோம். அங்கும் அப்படியே விட வேண்டுகிறேன். என் பேனர் அச்சகத்தில் ஆட்களுக்கு ஓயாத தலைவலி என்று யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் தீர்த்துவிட்டேன்.

ஏசி வாங்கிய கையோடு, குளிர் வீணாகக் கூடாதென்று ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்தவன் நான்தான். அன்றிலிருந்து மை வாடையும் தின்னர் நெடியும் வெளியே போக வழியில்லாமல் எங்களோடு குடித்தனம் நடத்தின. மெஷின்காரருக்கு இருமல், கணக்குப் பார்க்கும் அம்மாவுக்குத் தலைசுற்றல். நான் சும்மா இருப்பேனா? காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று கண்டுபிடித்து பிஸ்கட் வாங்கி வைத்தேன். பிஸ்கட் தீர்ந்தது, தலைவலி தீரவில்லை. ரோஜா வாசனை ஸ்பிரே அடித்தேன். "இப்ப ரோஜாத் தோட்டத்துல தலை வலிக்குது சார்" என்றார் மெஷின்காரர். கொழுப்பைப் பார்!

போன வாரம் கணக்கு அம்மா நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். தூக்கிக்கொண்டு போய் வாசலில் உட்கார வைத்தோம். வெளிக்காற்று பட்டதும் கண் திறந்தார். "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கம்மா" என்றேன்.

"வீட்டுக்குப் போனா சரியாயிடும் சார். திரும்பி வந்தா? ஜன்னல் உங்களுது, அடைச்சது நீங்க. சம்பளம் குடுத்தா மட்டும் போதுமா, மூச்சு விடக் காத்து குடுக்க வேணாமா?"

மச்சான், ரோஜா ஸ்பிரே டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

அன்றே சுத்தியலை எடுத்து ஆணிகளை நானே பிடுங்கினேன். மெஷினைச் சுற்றித் தடுப்பு கட்டி, நெடியைக் குழாய் வழியாக வெளியே தள்ள யானை மாதிரி ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டேன். இப்போது இருமல் இல்லை. கணக்கு அம்மா பாட்டு முணுமுணுக்கிறார். வேலை கொடுப்பவன் காற்றுக்கும் பொறுப்பு என்று நாலு முதலாளிகளுக்கு எடுத்துச் சொல்லலாமென்றிருக்கிறேன். உன் கம்பெனியில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்.

குழந்தைகள் நெடுநாள் நன்றாக இருக்கட்டும்.

தெளிந்த மூச்சுடன்,
உன் அத்தான்

பி.கு.: கூட்டம் வேண்டாம். இப்போதுதான் மாடியிலிருந்து உன் அக்கா இறங்கி வந்தாள். குழாயின் மறுமுனை அச்சகத்துக்கு மேலே நம் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே முடிகிறதாம். "ஜன்னலை மூடிட்டு இரேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உன் வீட்டில் எனக்கு ஓர் அறை இருக்குமா?