மிளகாய்ப் பொடி போய்ச் சேராத குழாய்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் போடியில் மாடி வீடு கட்டினேன். ராசிங்காபுரத்தில் கிணறு வெட்டினேன் (தண்ணீர் வராது என்றவர்கள் இப்போது அதில்தான் குளிக்கிறார்கள்). மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் எழுப்பினேன். அதில் விறகுக்குப் பதில் மரத்தூளில் எரியும் அடுப்பையும் நானே வடிவமைத்தேன். புளோயர் ஊதினால் தூள் இரும்புக் குழாய்க்குள் பறந்துபோய் அடுப்பில் விழும்.

வம்பு அந்தத் தூளின் வேகத்தில்தான். அதிகமானால் எரியாமலே புகைபோக்கி வழியாகப் போய்விடும். குறைந்தால் குழாயிலேயே படுத்துக்கொள்ளும். புளோயர் விற்றவர் காற்றின் வேகத்தைத்தான் சொன்னார். காற்றோடு தூள் சமமாக ஓடாது, பின்தங்கும் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

மகள் மீனாவைப் பெண் கேட்டவர், மகனோடு ஸ்டோரைப் பார்க்க வந்தார். தன் தோட்டத்துப் பச்சை ஏலக்காயையும் ஜீப்பில் ஒரு லோடு கொண்டுவந்து அடுப்பேற்றச் சொன்னார். காய் நன்றாகக் காய்ந்தால்தான் சம்பந்தம் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. மீனாவுக்குப் பையனை ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது.

"அப்பா, இன்னைக்கு மட்டும் புதுசா எந்தச் சோலியும் பாக்காதீங்க" என்று காதில் சொன்னாள்.

நான் சும்மாதான் இருந்தேன். இன்ஜினியரிங் படித்த அந்தப் பையன்தான், "தூளு என்ன வேகத்துல போகுது மாமா?" என்று கேட்டுத் தொலைத்தான்.

"இப்பவே அளந்து காட்டுறேன் மாப்ளே!"

என் திட்டம் எளிமையானது. இந்த முனையில் மரத்தூளோடு ஒரு கை மிளகாய்ப் பொடி. அந்த முனையில், அடுப்பு வாசலில் என் மனைவி. அவள் இருமியதும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியது. (அளவுக் கருவியாக மனைவியை வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

போட்டேன். காத்திருந்தோம்.

"ஏங்க, நெடியே வரலையே!"

சம்பந்தியின் முகம் மாறியது. "மச்சான், வத்தலு எரிஞ்சும் கமறலைன்னா, கண்ணு பட்டுருக்குன்னுல்ல அர்த்தம்?"

"இம்புட்டுப் பெரிய ஸ்டோரு, படாம இருக்குமா? கழிச்சிருவோம்" என்று பொடி டப்பாவையே கவிழ்த்தேன். அப்போதும் நெடி இல்லை. புளோயரை முழு வேகத்தில் வைத்தேன்.

பொடி முழுவதும் குழாயின் வளைவில் குவிந்து கிடந்திருக்கிறது. மொத்தமும் ஒரே வீச்சில் போய் நெருப்பில் விழுந்தது.

என் மனைவி இருமவில்லை, ஓடினாள். ஜீப்பு டிரைவர் ஜீப்பை விட்டுவிட்டு ஓடினார். சம்பந்தி ஏலச்செடிகளுக்குள் சறுக்கி விழுந்து, அழுதுகொண்டே கேட்டார்: "கண்ணு கழிஞ்சிருச்சா மச்சான்?"

பையன் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் புளோயரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்தான். வெளியே வந்தவனுக்குக் கண் கழுவ மீனா வாளியோடு நின்றாள். அந்தக் கண்களைக் கழுவ அவ்வளவு நேரம் தேவையில்லை.

புகை அடங்கியதும் மறுபடி மூட்டினோம். மறுநாள் காய் பச்சை நிறம் மாறாமல்தான் காய்ந்திருந்தது. சம்பந்தி ஒன்றைக் கடித்தார்.

"மிச்சர் மாதிரி இருக்குய்யா" என்றார்.

பையன் குறுக்கே வந்தான். "இந்த வீட்லதாம்ப்பா பொண்ணு எடுக்கணும். இல்லேன்னா இவுக அடுப்பை யாரு சரி பண்றது?"

கல்யாணம் நடந்தது. மருமகன் வளைவை எடுத்துவிட்டு, குழாயில் இரண்டு இடத்தில் கண்ணாடி பதித்தார். சாயத்தூளைப் போட்டு, ஒரு கண்ணாடியிலிருந்து அடுத்ததற்கு அது போகும் நேரத்தை வைத்து வேகத்தைச் சொல்லிவிடுகிறார். விருந்தில் குழம்பு காரமில்லை என்றால் சம்பந்தி இன்றும், "மச்சான், பொடி வளைவுலயே நிக்குதோ?" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஆனால் போன மாதம் ஸ்டோர் வாசலில் ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். அடுப்பை வடிவமைத்தவர் என்று மருமகன் பெயர் மட்டும் இருக்கிறது. இது நியாயமா? தூள் ஓடும் வேகத்தை அளந்தவர் அவர்; ஒத்துக்கொள்கிறேன். அது ஓடாமல் நின்ற இடத்தைக் கண்டுபிடித்தவன் நான். போர்டில் என் பெயரும் வர வேண்டும். மேலே.