ரெண்டாவது பிரேமலதா

சங்கரபாண்டி ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பல் துலக்கினான். பைக்கின் நம்பர் பிளேட்டை மூடியிருந்த கரிசல் மண்ணை ஈரத்துணியால் துடைத்தான். பால் காய்ச்சிக் குடித்தான். ஆறேகாலுக்கு பிரேமலதாவின் மிளகாய் வத்தல் வியாபாரப் பேஜைத் திறந்து, நாற்பத்தெட்டு விநாடி வீடியோவைப் பார்த்தான்.

"இந்தா, வெளுத்துக் கெடக்குல்லா, இதுதான் சண்டு வத்தல். நல்ல வத்தலோட கலந்து ஏமாத்திருவாவ. பாத்து வாங்குங்க."

அவன் மனைவி பிரேமலதா இறந்து பதினோரு மாதம். அவளுடைய போன், சிம்மோடு ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது. குரல் என்று மிஞ்சியது இந்த வீடியோ மட்டும்தான்.

வீடியோ முடிந்ததும் ஒரு மெசேஜ் வந்தது. அனுப்பியது பிரேமலதா.

'வணக்கம் சார். வத்தல் பாதி விலை. அட்வான்ஸ் அனுப்பவும்.'

அவள் ஒருநாளும் அவனை சார் என்று கூப்பிட்டதில்லை.

அதே பெயர், அதே படம், அதே வீடியோ. எவனோ எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு வேறொரு பேஜ் நடத்துகிறான். சங்கரபாண்டி திட்டி ஒரு பதில் அனுப்பினான். போலி அவனை பிளாக் செய்தது. கம்பெனிக்குப் புகார் அனுப்பினான். இரண்டே நிமிடத்தில் பதில்: 'இந்தப் பேஜ் எங்கள் விதிகளை மீறவில்லை.'

இடைசெவல் ஊர் குரூப்பின் அட்மின் கண்ணுசாமிக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, பிரேமலதா பேர்ல போலி பேஜ் ஒண்ணு ஓடுது. குரூப்ல எல்லாரும் ரிப்போர்ட் அடிக்கணும்."

"அந்தக் களவாணியா? எங்க மாமியா நேத்துதான் ரெண்டு மூட்டைக்கு அட்வான்ஸ் அனுப்பிருக்கா. நீ கவலப்படாத தம்பி, அடிச்சு நொறுக்கிருவோம்."

இருநூறு பேர் அடித்தார்கள். ஒன்பதரைக்கு ஒரு பேஜ் முடங்கியது. அசல் பேஜ்.

அது இருந்த இடத்தில் ஓர் அறிவிப்பு. ஆள்மாறாட்டப் புகாராம். உரியவர் முகத்தைக் காட்ட வேண்டும், அல்லது பாஸ்வேர்டைப் போட வேண்டும். மாலை ஆறு மணிக்குள். தவறினால் எல்லாம் நிரந்தரமாக அழிக்கப்படும்.

"ஒரிஜினல அடிச்சிட்டீங்களே அண்ணாச்சி!"

"எங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஒண்ணு பதினோரு மாசமாப் பேச்சு மூச்சில்லாமக் கெடக்கு. இன்னொண்ணு தெனமும் பூப்படம் போட்டு குட்மார்னிங் சொல்லுது. எதப் போலின்னு நெனைக்க, நீயே சொல்லு?"

சங்கரபாண்டி மறுபடி கம்பெனிக்கு எழுதினான்.

இறப்புச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பினான். மூன்று மணி நேரம் காத்திருந்தான். 'நன்றி. முகம் தெளிவாக இல்லை. தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பவும்' என்று பதில் வந்தது.

பாஸ்வேர்டாக அவள் பெயரைப் போட்டான். கல்யாணத் தேதி. குலசாமி பெயர். 'இன்னும் ஒரு முறை மட்டுமே' என்றது. கையை எடுத்துவிட்டான்.

அப்போதுதான் உறைத்தது. இப்போது அவள் குரல் இருக்கும் ஒரே இடம் அந்தப் போலி. அதையும் ஊரே அடித்துக்கொண்டிருக்கிறது.

குரூப்பில் போட்டான்: 'தயவுசெய்து போலி பேஜை யாரும் ரிப்போர்ட் செய்ய வேண்டாம். அது இருக்கட்டும்.'

கண்ணுசாமியின் குரல் பதிவு வந்து விழுந்தது. "ஏலே, சங்கரபாண்டி போனையும் ஹேக் பண்ணிட்டானுவ. ஒருத்தனும் நம்பாதீங்க. இன்னும் வெறியா அடிங்க!"

அடுத்த நொடி அவனைக் குரூப்பிலிருந்து நீக்கினார்கள். அவன் போன் செய்தான்.

"அண்ணாச்சி, நாந்தான் பேசுதேன். உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன், நிறுத்தச் சொல்லுங்க." குரல் உடைந்தது.

"நடிக்காதல. சங்கரபாண்டி இப்பிடி அழ மாட்டான். பொண்டாட்டி செத்தன்னைக்கே அவன் அழல."

போன் கட்டானது.

மணி நாலரை. பிரேமலதாவின் தங்கை அமுதவள்ளி பசுவந்தனையில் இருக்கிறாள். கூப்பிட்டான், அவள் போனை எடுக்கவில்லை. அவள் போனைப் போலி பிளாக் செய்திருக்காது. அதில் வீடியோவைச் சேமித்துவிடலாம். பைக்கை எடுத்தான். மழை பெய்த பாதையில் சக்கரம் இரண்டு தடவை வழுக்கியது.

ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தான். வாசலிலேயே விஷயத்தைச் சொன்னான். அவள் பதறிப் போய்த் தன் போனில் பேஜைத் திறந்தாள். வட்டம் சுற்றியது. பிரேமலதாவின் கை ஒரு வத்தலை எடுத்தது.

"இந்தா, வெளுத்துக்..."

திரை வெள்ளையானது. 'இந்தப் பேஜ் இப்போது இல்லை.'

அவன் போன் அடித்தது. கண்ணுசாமி.

"நீ எவனா வேணாலும் இருந்துட்டுப் போ. ஒம் பேஜக் காலி பண்ணியாச்சு!"

சங்கரபாண்டி படியில் உட்கார்ந்தான். மணி ஐந்து நாற்பது.

"ஒரிஜினலுக்குப் பாஸ்வேர்டு தெரியாதா அத்தான்?"

"தெரியாது. ஒரு தடவதான் பாக்கி."

அமுதவள்ளி சுவரைப் பார்த்தாள். அவன் அச்சடித்துக் கொடுத்த நினைவு காலண்டர் தொங்கியது. பிரேமலதாவின் படம். கீழே, கடைசியாக அவள் சொன்னது: 'அவியளப் பாத்துக்கோங்க.' அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் இருந்தது அமுதவள்ளி மட்டும்தான்.

"அத்தான், ஏசாதீங்க. அக்கா அப்பிடிச் சொல்லல."

அவன் நிமிர்ந்தான்.

"ஆஸ்பத்திரி வாசல்ல 'என்ன சொன்னா, என்ன சொன்னா'ன்னு கேட்டீங்க. சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் நிக்காவ. உள்ளதச் சொல்ல எனக்குக் கூச்சமாப் போச்சு. நானா ஒண்ணச் சொன்னேன். நீங்க காலண்டரே அடிச்சிட்டீங்க."

"அவ என்னதான் சொன்னா?"

"'பேஜுக்குப் பாஸ்வேர்டு அவிய பைக் நம்பர்தாம்ட்டி. மறக்காமச் சொல்லிரு. இல்லன்னா மனுசன் கெடந்து தேடுவாவ.'"