ஒற்றை வரிசைச் சோளம்

குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது அந்த முடிவுக்கு வந்தேன். இனி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தூங்குவேன். யார் தடுத்தாலும் தூங்குவேன்.

யார் தடுக்கப்போகிறார்கள்? என் மனைவிதான். வேறு யாருக்கு என் தூக்கத்தில் அவ்வளவு அக்கறை?

என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். நான் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். வாரம் ஆறு நாளும் நின்றபடியே பார்க்கிற உத்தியோகம். கடையில் நாற்காலிகள் உண்டு, ஆனால் அவை வாடிக்கையாளருக்கு. நான் உட்கார்ந்தால் முதலாளிக்கு இருமல் வரும். ஏழாவது நாள் வீட்டில் உட்கார்ந்தால் மனைவிக்கு வேலை ஞாபகம் வரும். மின்விசிறியில் தூசி. குழாயில் சொட்டு. பரணில் கரப்பான். வாரம் முழுக்கப் பரணில் தவம் கிடந்துவிட்டு, நான் கண்ணை மூடும் நேரம் பார்த்துத்தான் அது வெளியே வரும்.

எங்கே போய் ஒளிவது? இருப்பதே இரண்டு அறை. பின்னால் கொல்லை இருக்கிறது. ஆனால் சமையலறை சன்னல் நேராகக் கொல்லையைப் பார்க்கும். அது சன்னல் இல்லை, சிறைச்சாலைக் கோபுரம். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தேனானால் அரை நிமிஷத்தில் "என்னங்க" வந்துவிடும்.

ஆகவே எனக்கு ஒரு மறைப்பு வேண்டும். சுவர் கட்டினால் ஏன் என்று கேட்பாள். செடி வளர்த்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆள் உயரத்துக்கு, அதுவும் சீக்கிரம் வளர்கிற செடி. யோசித்தேன். மக்காச்சோளம்!

ஒரே ஒரு சிக்கல். இரண்டு பக்கமும் மாடி வீடுகள் என்பதால் எங்கள் கொல்லையில் நடுவே இரண்டு பாய் விரிக்கும் இடத்தில்தான் வெயில் விழும். அந்த இடத்துக்கு அவள் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருந்தாள், எலுமிச்சை மரத்துக்காக.

பரவாயில்லை. குளியலறைக்கு வாங்க வந்தவரிடம் மாட்டுக்கொட்டகை டைல்ஸை விற்றவன் நான். முதலில் அவர்கள் கேட்டதைப் பாராட்ட வேண்டும். பிறகு நம் கிடங்கில் தேங்கிக் கிடப்பதைத் தலையில் கட்ட வேண்டும்.

அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பித்தேன்.

"எலுமிச்சை நல்ல மரம்தான். யாரு இல்லேன்னாங்க?"

"யாருமே ஒண்ணும் சொல்லலையே."

"ஆனா அதுல முள்ளு இருக்கு. பாப்பா கை வெச்சா என்ன ஆகும்?"

"சோளத் தோகை மட்டும் கையைக் கிழிக்காதா?"

சோளம் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. இவளுக்கு எப்படித் தெரிந்தது? தலையணைக்கடியில் விதைப் பொட்டலத்தை வைத்தது தப்பு. சமாளித்தேன்.

"எலுமிச்சை காய்க்க வருஷக் கணக்காகும். சோளம் மூணே மாசம்!"

"மூணு மாசத்துல காய்ச்சு, மூணு மாசத்துலயே செத்தும் போகும். எலுமிச்சையை ஒரு தடவை வெச்சா நம்ம பாப்பா பெரியவளாகி அவ பிள்ளைக்கும் சாறு பிழிஞ்சு கொடுப்பா."

"அதுவரைக்கும் நான் தாகத்தோட கிடக்கணுமா?"

"சோளத்தைப் பிழிஞ்சா குடிக்கப்போறீங்க?"

"அது நின்னா எவ்வளவு அழகு தெரியுமா? பச்சைப் பசேல்னு, ஆள் உயரத்துக்கு..."

சீப்பு நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். சமையலறைச் சன்னலைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள்.

"சரி. சோளமே போடுங்க."

கடையில் பேரமே பேசாமல் ஒத்துக்கொள்ளும் வாடிக்கையாளரைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்று இன்னொரு தடவை கேட்பேன். வீட்டில் அந்தப் புத்தி வேலை செய்வதில்லை. அதற்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

கடப்பாறையோடு இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது மண் இல்லை. வீடு கட்டிய கொத்தனார் மிச்சம் மீதியை எல்லாம் அங்கேதான் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார். செங்கல், சிமென்ட் கட்டி, கம்பி, ஒற்றைச் செருப்பு. எங்கள் கடை டைல்ஸ் துண்டுகள்கூடக் கிடைத்தன. எந்தக் காலத்திலும் உடையாது என்று நானே சத்தியம் செய்து விற்ற ரகம்.

முழங்கால் ஆழம் வந்ததும் நிமிர்ந்தேன். முதுகு நிமிரவில்லை. அவள் தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"சோளத்துக்கு இது போதும்."

"போதும்னா போதும். வேர் நல்லா இறங்கினாத்தான் உயரமா வளருமாம். நமக்கு இடுப்பளவு வந்தா பத்தாதா?"

இடுப்பளவா? உட்கார்ந்தால் என் தலை தெரியுமே! தேநீரைக் குடிக்காமலே மறுபடி இறங்கினேன். தொடை ஆழம் போனேன். அவள் சொன்னபடி எரு கொட்டினேன், மணல் கலந்தேன். தண்ணீர் தேங்காமல் ஓட வாய்க்கால்கூட வெட்டினேன். சோளத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்கத் தோன்றவில்லை. உயரம் ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது.

விதை போடும் நாளில் பக்கத்து மதிலுக்கு மேல் நர்ஸக்காவின் தலை எழும்பியது. வார்டைச் சுற்றிச் சுற்றிப் பழகிய தலை. எங்கள் கொல்லையையும் தினம் இரண்டு தடவை சுற்றும்.

"தம்பி, என்ன இது, ஒத்தை வரிசையா போடறீங்க? சோளத்தைக் கட்டமா நாலு வரிசை போடணும். பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் மேல இருக்கிற பூந்தூள் கதிர் மேல விழும். ஒத்தை வரிசைன்னா காத்துல போயிடும். மணி பிடிக்காது."

எனக்கு வேண்டியது மணியா? மறைப்பு! வெயில் விழும் இடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, சன்னலுக்கு நேர் எதிரே, ஒரே வரிசை. நாலு வரிசை கட்டமாகப் போட்டால் இரண்டு பக்கமும் நான் வழிந்து தெரிவேன்.

"இது அழகுக்குக்கா," என்றேன்.

"விடுங்கக்கா, அவருக்குக் காரணம் இருக்கும்," என்றாள் மனைவி. என் பக்கம் பேசுகிறாளே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

சோளம் வளர்ந்தது. எப்படி வளர்ந்தது! முழங்கால், இடுப்பு, தோள். ஒரு ஞாயிறு என் தலையைத் தாண்டியது. வரிசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டேன். பின்மதில் பக்கமிருந்து சாயங்கால வெயில் பிடரியைப் பொசுக்கும். கவலையில்லை, நாற்காலியில் பழைய குடை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். உட்கார்ந்தேன். காத்திருந்தேன். "என்னங்க" வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வாயைத் திறந்துகொண்டே தூங்கினேன்.

"உன் வீட்டுச் சோளம் நேத்து மத்தியானம் குறட்டை விட்டுது," என்று நர்ஸக்கா என் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "மூக்குல ஏதாவது அடைப்பா இருக்கும்."

"வளர்ற பயிர்தானேக்கா. தூங்கத்தான் செய்யும்."

பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கதிர் முற்றியது. பெரிய ஆர்ப்பாட்டத்தோடு முதல் கதிரை ஒடித்து மட்டையை உரித்தேன். இங்கே ஒரு மணி, அங்கே ஒரு மணி, நடுவில் எல்லாம் காலி மனை. இரண்டாவது கதிரும் அதே லட்சணம். மகள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை யாரு கடிச்சா?" என்றாள். அவித்ததும் ஆளுக்குப் பத்துப் பதினைந்து மணி வந்தது. மனைவி அதைத் தட்டில் வைத்து, "சாறு பிழியட்டுமா?" என்றாள்.

சிரித்தால் சிரிக்கட்டும். மணிக்கா நான் ஏங்கினேன்? ஆனால் கதிர் போனதும் சோளத்தட்டையும் காய ஆரம்பித்தது. தோகை ஒவ்வொன்றாய் மடங்கியது. என் கோட்டைச் சுவரில் ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியே சன்னல் தெரிந்தது. சன்னல் வழியே அவள் தெரிந்தாள். "என்னங்க" வந்தது.

அடுத்த ஞாயிறு காய்ந்த தட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது விதைப் பொட்டலத்தோடு நின்றேன். அவள் நர்ஸக்கா வீட்டிலிருந்து ஒரு பெயிண்ட் டப்பாவைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். டப்பாவுக்குள் தளதளவென்று ஓர் எலுமிச்சங்கன்று.

"இது ஏது?"

"நீங்க சோளத்தைப் பத்தி பேசின மறுநாளே வாங்கிட்டேன். ஒட்டுக்கன்னு. அப்போ ரொம்பச் சின்னது, அக்கா வீட்டுல வளர்ந்துச்சு."

"மறுநாளேயா? அப்புறம் எதுக்குடி என்னைச் சோளம் போடச் சொன்னே?"

"உள்ளே பூரா கல்லுங்க. நான் முன்னாடி கொத்தக் கூப்பிட்ட ஆளுங்க ரெண்டு பேரும் கடப்பாறையை ஒரு தடவை போட்டுட்டு ஓடிட்டாங்க. எலுமிச்சைக்குன்னு கேட்டிருந்தா நீங்க தொடை ஆழம் கொத்தியிருப்பீங்களா?"

மாட்டேன். சன்னலில் வலை அடிக்கச் சொல்லியே இன்னும் அடிக்கவில்லை.

"இப்போ மண்ணு எப்படி இருக்கு பாருங்க, மாவு மாதிரி. தண்ணிகூட நிக்காது. எலுமிச்சைக்குத் தண்ணி நின்னா ஆகாது."

"என்னை ஏமாத்திட்டியே!"

"ஏமாத்தினேனா? அத்தனை ஞாயித்துக்கிழமை குடைக்குக் கீழ வாயைப் பிளந்துக்கிட்டுத் தூங்கினீங்க. ஒரு நாள் எழுப்பினேனா? அதுதான் உங்களுக்குக் கூலி."

குடைகூடத் தெரியுமா? ஆனாலும் விற்பனையாளன் அல்லவா? வாடிக்கையாளர் வாசல் படி இறங்கும்வரை பேச்சை நிறுத்தக் கூடாது. கன்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பார்வையில் தகப்பன் பாசத்தை ஏற்றினேன்.

"நல்ல கன்னு. ஆனா பிஞ்சு. சாயங்கால வெயில் என்ன போடு போடுது! எனக்கே பிடரி வெந்துச்சு. இது எப்படித் தாங்கும்?"

"அதான் எனக்கும் கவலையா இருக்கு."

"கவலையை விடு. நிழலுக்கு ஒரு வரிசை சோளம் போட்டுடறேன். கன்னு பெரிசாகற வரைக்கும் மாத்தி மாத்தி நானே போடறேன். தண்ணி ஊத்தறது, எரு வைக்கிறது எல்லாம் என் பொறுப்பு. நீ கிட்டேயே வர வேண்டாம்!"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வார்த்தை மாற மாட்டீங்களே?"

"பாப்பா மேல சத்தியம்."

"சரி, போடுங்க."

ஜெயித்தேன்! கன்றை நட்டேன். நானே மண் அணைத்தேன், நானே தண்ணீர் ஊற்றினேன். மார்பை நிமிர்த்தி மண்வெட்டியோடு சன்னல் பக்கம் போய், போன தடவை போட்ட அதே இடத்தில் ஒரு கோடு கிழித்தேன்.

"அங்க எங்கே போறீங்க? வெயில் பின்மதில் பக்கமிருந்துல்ல வருது? சோளத்தை அந்தப் பக்கம் போடுங்க. அப்படியே உங்க நாற்காலியைக் கன்னுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கோங்க, சன்னல்லேருந்து ரெண்டு பேரையும் ஒண்ணா பார்த்துக்கலாம்."