தொண்டை அக்காவின் திட்டு

பினாங்குத் தீவில் தொண்டை அக்காவிடம் திட்டு வாங்காமல் ஒருத்தி கூடைப்பந்து ஆடினாள் என்றால், அவள் ஆடியது கூடைப்பந்தே இல்லை, கும்மி. பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் மின்னணுத் தொழிற்சாலையில் அவர் எங்கள் சூப்பர்வைசர். வேலை முடிந்ததும் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். அவர் கத்தினால் இறங்க வந்த விமானம் மறுபடி மேலே ஏறிவிடும் என்பார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புவேன்.

பந்தைக் குனிந்து பார்க்காமல் தட்ட வேண்டும் என்பது அவருடைய முதல் சட்டம். அதற்காக ஞாயிற்றுக்கிழமை காலை, ஜெலுத்தோங் பாசாரில், சந்தைக் கூட்டத்துக்குள் பந்தைத் தட்டிக்கொண்டே எங்களை நடக்கவிட்டார். எங்கள் அணி லெட்சுமியின் பந்து நேராக மீன்கடை ஐஸ் பெட்டிக்குள் விழுந்தது. மீன்காரர் கத்த, அக்கா திருப்பிக் கத்த, கடைசியில் அந்த மனுஷன் பந்தோடு ஒரு கெம்போங் மீனையும் கொடுத்து, "இந்தாங்கம்மா, போய்ச் சேருங்க" என்று கும்பிட்டார்.

உடம்பு தேற அடுக்குமாடிப் படிகள். லிப்ட் வேலை செய்கிற அபூர்வமான நாளிலும் படிதான். "லிப்ட்ல போறவ லிப்ட்லயே ஆடுலா!" என்பார்.

இதெல்லாம் தேவலை. மனசுக்குப் பயிற்சி என்று ஒன்று வைத்திருந்தார், பாருங்கள், பாவி! ஃப்ரீ த்ரோ எறியும்போது யாரும் நம்மை மறிக்க மாட்டார்கள். அதனால்தான் பயம் வந்து மறிக்கும் என்பார் அக்கா. ஆகவே நாங்கள் கோட்டில் நின்று பந்தைத் தூக்கியதும், அவரவர் வீட்டு மானத்தை மைதானத்துக்கே கேட்கிற மாதிரி ஏலம் விடுவார். என்னைப் பெண் பார்க்க வந்தவன் என் தங்கையைக் கட்டிக்கொண்டு போனான். அதுதான் எனக்கான மந்திரம். முதல் நாள் கழிப்பறையில் போய் அழுதேன். போகப் போக அழுகை நின்றது, கை நடுக்கமும் நின்றது. பிறகு அவர் திட்டாவிட்டால்தான் பந்து கூடைக்குள் போகாது என்று ஆயிற்று.

அந்த நேரத்தில்தான் எங்கள் மைதானத்தின்மேல் தொழிற்சாலை மேலாளரின் கண் விழுந்தது. தொழிற்சாலைகளுக்கான போட்டியில் கோப்பை வந்தால் மைதானம், வராவிட்டால் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம் என்று சொல்லிவிட்டார். கூடவே ஒரு கட்டளை. "பைனலுக்கு டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுஷர் வர்றாரு. அந்தம்மா வாயைத் திறந்தா, அன்னைக்கோட அவங்க கோச் இல்ல."

"சரிலா, துண்டைக் கடிச்சிக்கிட்டு உக்காந்துக்கிறேன்" என்றார் அக்கா. அப்படியேதான் உட்கார்ந்தார்.

ஆட்டம் முடியச் சில விநாடிகள். இரண்டு பக்கமும் சமம். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. டத்தோவுக்கு மரியாதையாக அமைதி காக்கும்படி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்கள். அரங்கமே அடங்கியது. அப்படியோர் அமைதியில் நான் பந்தைத் தொட்டதே இல்லை. முதல் பந்து வளையத்தைக்கூட உரசவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கண் பிதுங்கியிருந்தது. மேலாளரை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டைத் துப்பினார்.

"ஏய் வளர்மதி! ஒன்னப் பாக்க வந்தவன் ஒன் தங்கச்சியக் கட்டிக்கிட்டுப் போனான்ல? அன்னைக்கும் இப்படித்தானடி பாத்துக்கிட்டு நின்ன! முட்டிய மடக்கிப் போடுடி!"

போட்டேன். வலையைத் தவிர எதையும் தொடாமல் இறங்கியது. தமிழ் தெரியாத டத்தோ பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டார். "வாழ்த்துறாங்க டத்தோ" என்று அவர் சமாளித்தார்.

கோப்பையை மேலாளர்தான் வாங்கினார். இன்றைக்கும் அது அவர் அறை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுக்குகிறது. அடுத்த வாரமே, ஒழுங்கு தெரியாதவர் என்று அக்காவை மைதானத்துப் பக்கம் வரக் கூடாது என்றார்கள். புதிதாக வந்த கோச் மிக மென்மையாகப் பேசினார், அடுத்த ஆண்டு முதல் சுற்றிலேயே மென்மையாகத் தோற்றோம். மைதானத்தில் இப்போது மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. என் வண்டியும் அங்கேதான் நிற்கிறது, வேறு இடம் கொடுத்தால்தானே! வயிறு எரிகிறது.

அக்கா வேலையை விட்டுவிட்டு பாலிக் புலாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். டுரியான் தோப்புக்கு நடுவில் வீடு. திட்டுவதற்கு ஆள் இல்லை என்று கேள்வி.

போன வாரம் மார்பில் ஒரு கட்டிக்காக ஸ்கேன் எடுத்து, முடிவுக்காக மருத்துவமனையில் காத்திருந்தேன். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போனை எடுத்தேன்.

"அக்கா, இங்க ரொம்ப அமைதியா இருக்குக்கா."

எங்கே, என்ன, ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏய் வளர்மதி!" என்று ஆரம்பித்தார்.