ரெண்டு நூல் பாய்

ரெண்டு நூல் பாயைப் போன்ற ஒரு பிடிவாதக்காரர் மெட்ராஸில் அவருக்கு முன்பு பிறந்ததில்லை. இனிமேலும் பிறக்க வேண்டாம் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். அப்படி ஒருவரைச் சந்தித்ததற்கே கண்ணாடியில் என் முகத்தை நிம்மதியாகப் பார்க்க முடியாமல் போயிற்று. இரண்டு பேர் இருந்திருந்தால் நான் ஷேவ் பண்ணுவதையே நிறுத்தியிருப்பேன்.

மந்தைவெளியில் ஒரு பூவரச மரத்தடியில் அவருடைய தகரக் கொட்டகை. ஜீப், லாரி, கார் எது வந்தாலும் பாய் ஸ்டியரிங்கை மட்டும்தான் தொடுவார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல் என்பது பட்டறை அளவு. ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எந்த இரும்புக்கும் பக்கத்து இரும்புக்கும் நடுவே ரெண்டு நூல் இடைவெளி வேண்டும் என்பது பாயின் சட்டம். இரும்போடு விட்டாரா? டீ, டம்ளர் விளிம்புக்கு ரெண்டு நூல் கீழே நிற்க வேண்டும். ஏறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். பெஞ்சில் யாராவது ஒட்டி உட்கார்ந்தால் நகர்ந்துகொள்வார். அவர் மகளைப் பெண் பார்க்க வந்த பையன் தன் அம்மாவை இடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். "அம்மாவுக்கும் புள்ளைக்கும் நடுவுல கேப்பே இல்ல. என் பொண்ணு எங்க திரும்புவா?" என்று அனுப்பிவிட்டார்.

நான் அப்போது தி. நகரில் ஒரு ஜவுளி முதலாளியிடம் மூன்று வருடமாகத் தற்காலிக குமாஸ்தா. முதலாளி பாலவாக்கத்தில் ஒரு சவுக்குத் தோப்பு வாங்கினார். அங்கே மணலில் போக, ராணுவம் ஏலம் விட்ட பழைய ஜீப் ஒன்றும் வாங்கினார். ஜீப்பின் வயிறு மணலில் தட்டியது. யாரோ யோசனை சொல்ல, ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் போட்டு, பெரிய டயர் மாட்டி, வண்டியை அரை அடி உயர்த்திவிட்டார். ஏறுவதற்கு முக்காலி தேவைப்பட்டது. ஆனால் வண்டி உயர்ந்த சேதி சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ராடுக்கு எட்டவில்லை. இடது பக்கம் ஒடித்தால் ராடு போய் ஸ்பிரிங்கில் டக்கென்று இடிக்கும். அதற்கு மேல் திரும்பாது.

"அடுத்த வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டாரை இதுலதான் தோப்புக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள சரி பண்ணிடு. அன்னைக்கே உனக்கு வேலை நிரந்தரம்னு ஆர்டர் தர்றேன்" என்றார் முதலாளி.

டிரைவர் துரையும் நானும் தி. நகரிலிருந்து மந்தைவெளிக்கு, இடது பக்கம் திரும்பாமல், வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பி வந்து சேர்ந்தோம். லஸ் முனையை மட்டும் மூன்று தடவை தரிசனம் செய்தேன்.

பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து பிசைந்த கோதுமை மாவு வரவழைத்தார். ஓர் உருண்டையை ஸ்பிரிங்கில் அப்பினார். பிறகு தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு ஜீப்பில் ஏற்றினார். ஆள் ஏறினால்தான் ஸ்பிரிங் அமுங்கும், அப்போதுதான் உண்மை தெரியும் என்பது அவர் கட்சி. மாவு மில்காரர் கனமானவர். அவரைத் தேடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தார். "அசையாத குந்து நைனா, பாரம் நகுந்துடும்" என்று அவரை அதட்டினார். துரை ஸ்டியரிங்கை ஒடித்தார். பாய் மாவை எடுத்து, அதில் பதிந்திருந்த ராடின் தடத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். காலை முழுக்க இதே கூத்து. அந்த மாவில் அப்புறம் சப்பாத்தி போட்டார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஒரு நூல் கூட இல்ல சார். ராடை இழுக்கற ஆர்ம் மாத்தணும்."

"இதே ஆர்மைச் சூடு பண்ணி வளைச்சா ஆகாதா பாய்?"

"அர மணி வேல. செத்தாலும் செய்ய மாட்டேன். ஸ்டியரிங்குல நெருப்பு வெக்கறவன் கொலகாரன். சூடு பட்ட இரும்பு என்னைக்கினா ஒடிஞ்சிடும். கம்பெனிலயே கீழ எறக்கி வளைச்சு அடிச்ச ஆர்ம் புதுப்பேட்டைல எங்கியாச்சும் கீது. தேடிக்கினு வர்றேன்."

"எப்போ?"

"கெடைக்கறப்போ."

தினமும் சைக்கிளில் புதுப்பேட்டை போனார். பழைய இரும்புக் குவியலில் ஆர்ம் ஆர்மாக எடுத்துத் தட்டிப் பார்த்து, பிடிக்காமல் போட்டுவிட்டு வந்தார். புதன்கிழமை சாயங்காலம் என் பொறுமை போயிற்று. முதலாளி வண்டியைத் திருப்பிக் கேட்கிறார் என்று பாயிடம் பொய் சொல்லி ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். வேறொரு பட்டறையில் ஆர்மைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தார்கள். அரை மணிதான் ஆயிற்று. வண்டி இடது பக்கம் என்ன அழகாகத் திரும்பியது தெரியுமா!

வெள்ளிக்கிழமை காலை கடை வாசலில் சம்பந்தி வீட்டார் முக்காலி போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். கோணிப்பையில் புது ஆர்ம். கிடைத்துவிட்டதாம், முகமெல்லாம் சிரிப்பு. ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்ததும் அந்தச் சிரிப்பு போயிற்று. அப்படியே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

"சூடு வெச்சிக்கீறாங்க! அல்லாரும் எறங்குங்க! இந்த வண்டி போவாது!"

முதலாளி என்னைப் பார்த்தார். ஆர்டர் அவர் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாருப்பா இந்த ஆளு? உனக்குத் தெரிஞ்சவனா?"

"தெரியாது சார்" என்றேன்.

யாரும் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கவில்லை. பாய் தானாகவே வெளியே வந்து லுங்கியைத் தட்டிக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. துரையிடம் போய், "மெதுவா போ நைனா. பத்து மைலுக்கு மேல தாண்டாத" என்று மட்டும் சொன்னார்.

துரை அந்தச் சொல்லைக் கேட்டு நடந்ததால்தான் எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். பாலவாக்கத்து மணலில் ஒரு பனங்கட்டையில் சக்கரம் ஏறியதும் ஆர்ம் இரண்டாக உடைந்தது. ஸ்டியரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். ஜீப் ஒரு சவுக்கு மரத்தில் போய் முட்டியது. சம்பந்திக்கு நெற்றி புடைத்தது. துரைக்கு முன்பல் இரண்டு போயிற்று. "குடிச்சிட்டு ஓட்டியிருக்கான்" என்று முதலாளி அன்று மாலையே துரையை வேலையை விட்டு நிறுத்தினார். பன்னீர் சோடாவைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர் அவர். என் ஆர்டர் அப்போது என் பையில் பத்திரமாக இருந்தது.

மூன்றாம் நாள் பாய் கடை வாசலில் நின்றார்.

"தொர மேல தப்பில்லன்னு சொல்ட்டியா சார்?"

"இல்ல பாய்."

"சொல்லுவியா?"

"பார்க்கிறேன் பாய்."

பார்க்கவில்லை. கோழைத்தனம்தான், வேறு பேரே கிடையாது. என்னைத் திட்ட விரும்புகிறவர்கள் பத்திரிகை முகவரிக்கு எழுதலாம். துரை லாரிக்குப் போனார். நான் அந்தக் கடையிலேயே தலை நரைத்தேன். பாய் அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சில வருடம் கழித்து ஸ்கூட்டர் வாங்கினேன். ஒரு நாள் மந்தைவெளி வழியாகப் போனபோது கொட்டகையிலிருந்து ஒரு கை நீண்டு நிறுத்தியது. பாய்தான். முன்சக்கரத்தைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தார். கேபிளுக்குப் பக்கத்தில் விரலைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு, போ என்று கையைக் காட்டினார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

எனக்கு வீடு அடையாறில். தி. நகரிலிருந்து அடையாறுக்குப் போக மந்தைவெளி பெரிய சுற்று. பாய் இருந்தவரை நான் வேறு வழியில் வீட்டுக்குப் போனதே இல்லை.