வெந்நீரிலும் ஆறு ஸ்பூன்

"ஆறு ஸ்பூன் உப்புதாம்ப்பா. பச்சத் தண்ணியிலயும் ஆறு, வெந்நீர்லயும் ஆறு."

இரவு முழுக்கக் கிடங்குக்குக் காவல் நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார் அப்பா. கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல எரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அதெப்படி? சூடான தண்ணியில நெறைய கரையணும். நீ சரியாக் கலக்கல."

"கை வலிக்கக் கலக்கினேன்!" என்றாள் மகள்.

சூடு ஏறினால் தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று பார்க்க ஒரு சோதனையை அவளே வடிவமைத்துச் செய்து பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். உப்பைத்தான் எடுக்கணும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளர், ஒரே அளவு தண்ணீர், அடியில் தங்கும் வரை ஸ்பூன் ஸ்பூனாக உப்பு. எல்லாம் மகளே யோசித்தது. போன முறை அப்பா செய்து கொடுத்த எரிமலை வகுப்பில் வெடிக்கவே இல்லை.

"இந்தத் தடவையும் சொதப்பினா, இனிமே மாமாகிட்டதான் கேப்பேன்."

மாமாவா! மச்சானின் சிரிப்பு காதில் விழுந்தது. அப்பாவுக்குத் தூக்கம் ஓடிப்போனது.

"சூடு பத்தல. நல்லாக் கொதிக்கட்டும்."

கொதிநீரை ஊற்றியதும் டம்ளர் பட்டென்று விரிசல் விட்டது.

எவர்சில்வர் டம்ளருக்கு மாறினார்கள். அடியில் உப்பு தங்கியதா என்று ஒன்றும் தெரியவில்லை. எட்டிப் பார்த்த அப்பாவின் மூக்கு ஆவியில் வெந்தது.

"உப்பு பழசும்மா. அதான்."

புதுப் பாக்கெட்டைப் பிரித்தார். ஆறு. மறுபடி ஆறு. தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

அம்மா சமையலறைக்கு வந்தாள்.

"உப்பு எங்க?"

"கரைஞ்சிடுச்சு."

"ரெண்டு பாக்கெட்டுமா?"

அப்பா சுவரில் சாய்ந்தபடி மகளைப் பார்த்தார்.

"எழுதிக்கோ. வெந்நீர், பன்னெண்டு."

"பொய்யாச்சேப்பா!"

"பொய்யில்லம்மா. நம்ம அடுப்பு சரியில்ல. நல்ல அடுப்பா இருந்தா பன்னெண்டு வந்திருக்கும்."

அவள் ஆறை அழித்தாள். அப்பா செத்தவர் மாதிரித் தூங்கினார்.

மறுநாள் மாலை அப்பா வேலைக்குக் கிளம்பும்போது, பள்ளியிலிருந்து வந்த மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள். "மாமா, நான்தான் பேசறேன்..." என்று குரல் கேட்டது.

கூட வந்த தோழி வாசலிலேயே நின்றாள்.

"என்னம்மா ஆச்சு? பன்னெண்டு பத்தலையாமா?"

"எங்கப்பா பதினாலு எழுத வச்சாரு, அங்கிள். ஆனா தண்ணி சூடானாலும் உப்பு மட்டும் பெருசா கூடுதலாக் கரையாதாம், டீச்சர் சொன்னாங்க. ஆறுன்னு எழுதியிருந்தா இவளுக்கு மட்டும்தான் முழு மார்க்காம்."